அப்பாவின் பீட்டலை ‘ஹெர்பி’ ஆக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த என் அப்பா வாங்கிய 1969 வோக்ஸ்வேகன் பீட்டல் 1300, நீல நிறம், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பல வருடமாக ஓடாமல் நிற்கிறது. அப்பா காலமாகிவிட்டார், கிராண்டு (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இன்னும் அவர் பெயரில்தான். ரோட் டேக்ஸ் முடிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. சின்ன வயதில் அப்பாவோடு வீடியோவில் பார்த்த ஹெர்பி படத்து 53ஆம் எண் காராக இதை மாற்றி, சட்டப்படி ரோட்டில் ஓட்ட ஆசை. துணிக்கூரை, தானாகத் திறக்கும் முன்மூடி, படத்தில் வரும் நம்பர் பட்டை எல்லாம் வேண்டும். நண்பனோ, பீட்டலை விற்றுவிட்டு ஒரு ஹாஃப்கட் (வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து வெட்டியெடுத்த பாதி) வாங்கி, அதன் மேல் ஃபைபர் உடல் போட்டு பேட்மேனின் வௌவால் கார் செய்யலாம் என்கிறான். எது நடக்கும்? எங்கிருந்து தொடங்குவது?

ஆலோசனை:

தம்பி, பீட்டலை விற்காதீர்கள். படத்துக் காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவரும் வேலையில் பாதி, எந்தப் படத்துக் கார் என்று தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. கடையில் விற்ற சாதாரணக் கார் ஒன்றுக்குச் சாயமும் எண்ணும் போட்டுப் படத்தில் ஓட்டியிருந்தால், அதே காருக்கு நாமும் அதே சாயத்தைப் போடலாம். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் கணக்கில் அது கிராண்டில் எழுதியிருக்கும் அதே வண்டி. உடலையே புதிதாகக் கட்டிய கார் அப்படியல்ல. 1966 ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரில் வந்த வௌவால் கார், 1955இல் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட லிங்கன் ஃபியூச்சுராவை மாற்றி எடுத்தது. கடையில் விற்ற கார் அல்ல. நண்பர் சொல்வதுபோல் ஃபைபர் உடல் கட்டினால் அது புதிய வகை வண்டியாகிவிடும். வகை அங்கீகாரம் இல்லாமல் ஜேபிஜே அதைப் பதியாது. அந்த அங்கீகாரம் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் வாங்குவது, கொட்டகையில் ஒரு வண்டி கட்டுகிறவருக்கு எட்டாதது. ஹாஃப்கட் நாட்டுக்குள் வருவது உதிரிப் பாகத்துக்காக மட்டும். வேறொரு வண்டியின் கிராண்டை அதற்குக் கொடுத்து ஓட்டினால், பிடிபடும் நாளில் வண்டியும் போகும், வழக்கும் வரும்.

ஹெர்பி அந்தச் சிக்கலே இல்லாத கார். 1968இல் டிஸ்னி எடுத்த ‘தி லவ் பக்’ படத்தில் ஓடியது 1963 மாடல் பீட்டல்: முத்து வெள்ளை நிறம், சாம்பல் நிறத் துணிக்கூரை, முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள், முன்மூடியிலும் இரண்டு கதவிலும் எஞ்சின் மூடியிலும் வட்டத்துக்குள் 53. உங்கள் கையில் இருப்பது ஆறு வருடம் பிந்திய பீட்டல். அந்த இடைவெளியை எவ்வளவு தூரம் நிரப்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. சாயத்தை முதலில் அடித்துவிட்டு அடிப்பலகையைப் பிறகு பார்ப்போம் என்று தொடங்கிய பீட்டல்கள் பல, பளபளப்பாக இருந்தும் ரோட்டுக்கு வராமலே நிற்கின்றன. உங்களுடையது அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.

முதல் வேலை ஸ்பேனர் எடுக்காமல் செய்கிற வேலை. கிராண்டை எடுத்துக்கொண்டு ஈப்போ ஜேபிஜே கவுண்டருக்குப் போய், இந்தப் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, ரோட் டேக்ஸைப் புதுப்பிக்க என்ன பரிசோதனை கேட்பார்கள் என்று விசாரியுங்கள். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை மகன் என்பதற்காக மட்டும் மாற்றித்தர மாட்டார்கள். வாரிசு ஆவணம் வேண்டும். அப்பாவுக்கு வீடோ நிலமோ இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு வழியாகவும், அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனம் வழியாகவும், பெரிய சொத்து என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றம் வழியாகவும் அந்த ஆவணம் வரும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் எழுத்தில் சம்மதம் தர வேண்டியிருக்கும், அதனால் இப்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள். இது மாதக் கணக்கில் இழுக்கும். இழுக்கும் நேரத்தில் துரு வேலையைச் செய்யலாம், ஆனால் பெயர் மாறுவதற்கு முன் பெரிய பணத்தைப் போடாதீர்கள்.

அதே நாளில் வீட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். பீட்டலின் சேசிஸ் எண் பின் இருக்கைக்கு அடியில், நடுவில் ஓடும் குழாய்த் தண்டின் மேல் குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் எண், ஜெனரேட்டர் நிற்கும் காலுக்குக் கீழே, எஞ்சின் உறையில் இருக்கும். இரண்டும் கிராண்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் முதலில் தேடுவது இவற்றைத்தான். பழைய பீட்டல்களில் ஒரு காலத்தில் எஞ்சினை மாற்றிவிட்டுக் கிராண்டில் சொல்லாமல் விட்டது சாதாரணம். எண் ஒத்துவரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்; ஜேபிஜேயில் சொல்லி எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் போங்கள். சேசிஸ் எண் உள்ள இடத்தில் கம்பித் தூரிகையை மென்மையாக ஓட்டலாம். கிரைண்டரைக் கொண்டு போகவே கூடாது, பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி விழவும் விடக்கூடாது. அந்த எண் தேய்ந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தகரம்.

அடுத்தது துரு. மழை நாட்டில், மண் தரைக் கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் இதில் பெரிய செலவு காத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். கையில் ஒரு கூரான ஸ்க்ரூடிரைவர், ஒரு சிறு சுத்தியல் போதும். பின் இருக்கையைத் தூக்குங்கள். பேட்டரி அங்கே வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதன் அமிலம் கசிந்து அடித்தகட்டைத் தின்றிருக்கும். பிறகு இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ஹீட்டர் சேனல்கள், முன் அச்சு மாட்டும் சேசிஸ் தலை, பின் பம்பர் தாங்கி மாட்டும் மூலைகள், முன்னால் உதிரி டயர் வைக்கும் குழி. குத்தினால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகும் இடம் எல்லாம் வெட்டி எறிய வேண்டிய இடம். சாயம் குமிழ் விட்டிருக்கும் பரப்பு கண்ணில் படுவதைவிட மூன்று மடங்கு அதிகமாக உள்ளே கெட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டு வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று அந்தச் சேனல்களைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். அவை சூடான காற்று போகும் வழி மட்டுமல்ல, உடலின் இடுப்பெலும்பு. கதவுச் சட்டம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. அடித்தட்டோடு உடலை இணைக்கும் போல்ட்டுகள் ஏறுவதும் அவற்றில்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கூரை மெல்லத் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது. முதலில் கதவைச் சுற்றிய இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். கதவு வாசலில் ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயைக் குறுக்காகவும் நெடுக்காகவும் பற்றவையுங்கள். ஒரு பக்கச் சேனலை முழுவதும் மாற்றி, அளவை மறுபடி பார்த்த பிறகே அடுத்த பக்கம் போங்கள். உடலை அடித்தட்டிலிருந்து தூக்காமலும் இந்த வேலை செய்ய முடியும், ஆனால் ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். தூக்கினால் அடித்தட்டின் மேற்புறமும் பிரேக் குழாயும் கண்ணுக்கு முன் வரும். திரும்ப இறக்கும்போது நடுவில் புதிய ரப்பர் பட்டையை விரிக்க மறக்கக்கூடாது. பழைய பட்டையோடு இறக்கியவர்கள் முதல் பெரிய மழையில் காலடியில் தண்ணீர் பார்ப்பார்கள்.

அடித்தட்டின் இடது, வலது பாதிகள் புதிதாக வாங்கக் கிடைக்கின்றன. நடுத் தண்டை அப்படியே வைத்துக்கொண்டு இரு பாதியை மட்டும் வெட்டி மாற்றுங்கள். சேசிஸ் எண் தண்டில் இருப்பதால் அது தொடப்படாமல் இருக்கும். நீங்கள் ஃபிட்டர், வெல்டிங் தெரிந்திருக்கும். ஆனால் ஆலையில் பழகிய கனத் தகடு வேறு, ஒரு மில்லிமீட்டர்கூட வராத கார்த் தகடு வேறு. மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, சிறு சிறு புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே கோட்டில் இழுத்தால் தகடு சூட்டில் அலையலையாக நெளியும். பெட்ரோல் டாங்கி முன்மூடிக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் தொடங்கும் முன் அதைக் கழற்றி வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். காலி டாங்கிதான் நிறைந்த டாங்கியைவிட ஆபத்து.

பேட்டரியைத் திரும்ப வைக்கும்போது அதன் மேல் மூடி கட்டாயம். கனமான ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் இருக்கையின் ஸ்பிரிங் தணிந்து பேட்டரி முனையைத் தொடும். அதன் மேல் இருக்கும் நார் மெத்தை உடனே பற்றிக்கொள்ளும். பீட்டல் எரிந்த கதைகளில் ஒரு பங்கு இதனால். மற்றப் பங்கு பெட்ரோல் குழாயால். எஞ்சின் பக்கம் இருக்கும் பழைய துணி சுற்றிய ரப்பர் குழாயைத் தொட்டாலே பொடியாகும். எல்லாவற்றையும் புதிய எரிபொருள் குழாயாக மாற்றி, ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போடுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் சிறு பித்தளைக் குழாய் வெறும் இறுக்கத்தில் நிற்பது. கையால் முறுக்கினால் சுழன்றால் அது ஒரு நாள் கழன்று, சுடும் எஞ்சினின் மேல் பெட்ரோலைக் கொட்டும். கண்ணாடி வடிகட்டியை எஞ்சின் அறையில் தொங்கவிடுவது அழகாகத் தெரியும், ஆனால் வேண்டாம். அதை டாங்கிக்குக் கீழே வையுங்கள். ஒரு கிலோ உலர் பொடித் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எஞ்சினை இப்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசையாக இருக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்துக் கீழ்ப் புல்லியைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால், அந்தப் புல்லியை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள்: அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.15ஐத் தாண்டக்கூடாது. டயல் கேஜ் ஆலையிலேயே இருக்கும். கையிலேயே ‘டக்’ என்று தெரிந்தால் எஞ்சினைப் பிரிக்காமல் வழியில்லை. அசைவு சரியென்றால் காற்றாடி உறையைக் கழற்றுங்கள். கொட்டகையில் நின்ற பீட்டலின் அந்த உறைக்குள் எலி கூடு கட்டியிருப்பது வழக்கம். கூடு ஆயில் கூலரை அடைத்திருந்தால், வண்டி முதல் ஏற்றத்திலேயே எஞ்சினைக் கொன்றுவிடும்.

உங்கள் வருடத்து எஞ்சினில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்கு வரும் காற்றின் வழியில் நிற்கிறது. அதனால் மூன்றாவதுதான் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும், அதன் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் போகும். ஆகவே வால்வு இடைவெளியை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் இரவு முழுவதும் ஆறிய பிறகு, 0.15 மில்லிமீட்டரில் வையுங்கள். சூட்டில் வைத்தால் கணக்கு பொய்யாகும். எண்ணெய் வெறும் 2.5 லிட்டர், அடியில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவி இரண்டு புதிய காஸ்கெட்டோடு மாட்டுங்கள். அந்த ஆறு சிறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். ஆலையில் பழகிய கைக்கு அது இறுக்கியதாகவே தோன்றாது, ஆனால் அதற்கு மேல் போனால் ஸ்டட்டே பிய்ந்து வரும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும் அறையின் ஓரத்து ரப்பரும் ஒன்றுகூட விடாமல் இருக்க வேண்டும். கீழே கக்கப்படும் சூடான காற்று மேலே திரும்பி வராமல் தடுப்பது அந்த ரப்பர்தான். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். செம்மண் சாலையில் ஓட்டுவீர்கள் என்றால் எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனரைக் கைவிடாதீர்கள். குறியளவுக்கு எண்ணெய் ஊற்றி, மாதம் ஒருமுறை அடியில் சேரும் சேற்றைக் கழுவுங்கள். பெட்ரோலுக்கு ரான் 95 தாராளம்.

பிரேக்கில் எதையும் பழையதாக விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துச் சிலிண்டர்கள், நான்கு ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய்கள், லைனிங் எல்லாம் புதிது. உங்கள் வண்டியில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் இரட்டைச் சுற்றுக்கு மாற்றுங்கள். ஒற்றைச் சுற்றில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரட்டைச் சுற்றில் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். பெடல் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் ஓட ஓட பிரேக் தானாக இறுகும், காரணம் தெரியாமல் திண்டாடுவீர்கள். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வரிசையில் கவனம்: வெளிநாட்டுக் கையேடுகள் இடப்பக்க ஸ்டியரிங்குக்கு எழுதப்பட்டவை. நமக்கு மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். பிரேக் எண்ணெய் டாட் 4, இந்த ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும்.

பின் டிரம்மைத் திரும்பப் பூட்டும்போது நடுவில் உள்ள 36 மில்லிமீட்டர் பெரிய நட்டு ஏறக்குறைய 294 நியூட்டன் மீட்டர் கேட்கும். ஒரு மீட்டர் நீளக் குழாயைச் சொருகி முழு எடையும் போட்டால்தான் அந்த அளவு வரும். குறைவாக இறுக்கினால் டிரம்மின் உள்பல் தேய்ந்து, ஒரு நாள் கியர் விழும், வண்டி நகராது. இறுக்கிய பிறகு கோட்டர் பின்னுக்குத் துளை ஒத்துவரவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் ஒத்துப்போக வைக்க வேண்டும், தளர்த்தி அல்ல. டயர் 165/80 ஆர் 15. அந்த அளவு சட்டென்று கிடைக்காததால் கடையில் 195 அகலத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்; நாலு நாலரை அங்குல ரிம்மில் அது உட்காராது.

இருக்கைப் பட்டைக்கு மூன்று புள்ளிப் பட்டையே போடுங்கள். நடுத்தூணில் மரையுள்ள துளை ஏற்கெனவே இருக்கும், போல்ட் 7/16 அங்குலம். நடுத்தூணில் துளை கெட்டிருந்தால் புதிதாகத் துளையிட்டுச் சாதாரண நட்டு போடக்கூடாது. பின்பக்கம் கனத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே. பழைய வண்டிக்குப் பின் இருக்கைப் பட்டை தேவையில்லை என்று யாராவது சட்டம் பேசுவார்கள். பிள்ளைகள் ஏறும் வண்டி என்றால் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்து வண்டி நீல நிறத்திலேயே ஓடி, நின்று, திரும்பிக் காட்டிய பிறகு சாயத்துக்கு வாருங்கள். 1963க்கும் 1969க்கும் உள்ள வேறுபாடுகளை இப்போது பார்ப்போம். படத்து வண்டியில் முகவிளக்கு சாய்ந்து கண்ணாடி மூடியோடு இருக்கும், உங்களுடையதில் நிமிர்ந்து இருக்கும். பம்பர் மெல்லியது, உங்களுடையது பட்டையானது. பின் விளக்கு சிறியது, ஜன்னல்கள் சிறியவை, சக்கரத்தில் ஐந்து போல்ட், உங்களுக்கு நான்கு. முன்மூடியின் நீளமே வேறு. பழைய ஃபெண்டர் வாங்கிப் பூட்டினால் விளக்கு சரியாகும், ஆனால் பம்பர் தாங்கியின் இடம் மாறும். பம்பரை மாற்றினால் முன் ஏப்ரன் (முன்மூடிக்குக் கீழே உள்ள தகடு) உறுத்தும். ஏப்ரனை மாற்றினால் மூடியை மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டு நான்கை வெட்டுவீர்கள், கடைசியில் அது 1963ஆகவும் இருக்காது, அப்பா வாங்கிய 1969ஆகவும் இருக்காது. உடலைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. வெள்ளையும் மூன்று கோடும் 53ம் சேர்ந்துவிட்டால், தெருவில் நிற்கிற பிள்ளை முகவிளக்கின் சாய்வைப் பார்க்காது. பம்பரிலும் விளக்கிலும் போகும் பணம் பிரேக்குக்குப் போகட்டும்.

துணிக்கூரையும் அப்படித்தான். கூரையை வெட்டுவது உடலமைப்பை மாற்றுவது. ஜேபிஜேயின் முன் அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் செய்யக்கூடாது. அனுமதி கிடைத்தாலும், வெட்டிய வாய்க்குச் சுற்றுச் சட்டம் வேண்டும், நான்கு மூலையிலும் தண்ணீர் வடியும் குழாய் வேண்டும், அந்தக் குழாயில் ஒரு இலை அடைத்தால் மாலை மழை முழுவதும் உள்ளே இறங்கும். நீங்கள் இப்போதுதான் துருவை வெட்டி எறிந்து முடித்திருப்பீர்கள். அதற்குப் பதில் கூரையின் மேல், துணிக்கூரை இருக்க வேண்டிய செவ்வக அளவில், சாம்பல் நிறக் கான்வாஸ் போன்ற வினைல் ஒட்டி, ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டை ஓட்டிவிடுங்கள். பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

சாயம் எல் 87 என்ற எண்ணுள்ள வோக்ஸ்வேகன் முத்து வெள்ளை. அந்த எண்ணைச் சொல்லிக் கலக்கச் சொல்லுங்கள். வெறும் வெள்ளை என்று வாங்கினால் நீலம் பாய்ந்த குளிர் வெள்ளை வந்து, கோடுகளின் பக்கத்தில் ஃபிரிட்ஜ் போல நிற்கும். வெறும் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், பட்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், அதன் மேல் கனப் பிரைமர் மூன்று கோட், 320 தாளில் தொடங்கி 600இல் முடித்து, பிறகு இரண்டு பாகச் சாயம் மூன்று கோட். கதவு இடுக்கு, மூடிகளின் உட்புறம் எல்லாம் சேர்த்துக் கலந்த சாயம் ஐந்து முதல் ஆறு லிட்டர் பிடிக்கும். உள்ளே நீலம் எட்டிப்பார்த்தால் மொத்த வேலையும் கெட்டுவிடும், அதனால் இடுக்குகளை முதலில் முடியுங்கள். பிற்பகல் மழை வரும் ஊர் என்பதால் காலை பத்து மணிக்குள் அடித்து முடிப்பது நல்லது; கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் தொடங்க வேண்டாம். கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. வாயில் துணி கட்டுவதோ சாதாரண முகமூடியோ அதைத் தடுக்காது, ஒருமுறை நுரையீரல் ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுவதும் இருக்கும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால், இந்த ஒரு வேலையை மட்டும் சாயக்கூடம் உள்ள பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே என்ன நிறம் என்று பலர் கேட்பார்கள். படப்பிடிப்பு விளக்கு தெறிக்காமல் இருக்க முதல் படத்து வண்டியின் உட்புறத்தைப் பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தில் அடித்திருந்தார்கள். டாஷ்போர்டை அப்படி அடித்தால் நம் வெயிலில் கண் கூசாமலும் இருக்கும். வோக்ஸ்வேகன் சின்னங்களும் முதல் படத்தில் எடுக்கப்பட்டிருந்தன; உங்கள் சின்னங்களைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

கோடுகளையும் எண்ணையும் வினைலில் செய்யுங்கள். சாயம் அடித்து மூன்று நான்கு வாரம் ஆகட்டும். சாயத்துக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேறாமல் ஒட்டினால் குமிழ் குமிழாக எழும்பும். வளைவு நிறைந்த உடல் என்பதால் காஸ்ட் வினைல்தான் வேண்டும். மலிவான வினைல் முன்மூடியின் வளைவில் இழுத்து ஒட்டியதும் சரியாகத் தெரியும், இரண்டு வெயில் மாதத்தில் சுருங்கி ஓரம் எழும்பிவிடும். கோட்டின் அகலமும் இடமும் படத்துக்குப் படம் கொஞ்சம் மாறுகின்றன. 1968 படம் என்றால் அந்த ஒரு படத்தையே பின்பற்றுங்கள். நேர்ப் பக்கவாட்டில் தெரியும் காட்சியை நிறுத்தி, கதவின் அகலத்தை அந்தப் படத்திலும் உங்கள் வண்டியிலும் அளந்து, அந்த விகிதத்தால் வட்டத்தின் விட்டத்தைப் பெருக்குங்கள். கோட்டுக்கு முன்மூடியின் அகலத்தை வைத்து அதேபோல். முதலில் காகிதத்தில் வெட்டி டேப்பால் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். ஒட்டும்போது மூடியிலும் கதவிலும் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் உள்ளே மடக்குங்கள். சிவப்புதான் முதலில் வெளிறும், வெளிறினால் அந்த ஒரு கோட்டை மட்டும் மாற்றலாம். வினைலைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாறியதை ஜேபிஜேயில் தெரிவித்துப் பதிவில் திருத்த வேண்டும். சாயம் அடிக்கும் முன்பே போய்க் கேட்டு, அவர்கள் சொல்லும் தாள்களையும் பட்டறை ரசீதையும் சேர்த்துவையுங்கள். பதிவில் நீலம், ரோட்டில் வெள்ளை என்றால் சாலைத் தடுப்பில் திருட்டு வண்டி என்ற கேள்வியே முதலில் வரும். காப்புறுதிக் கம்பெனியிடமும் நிறம், இரட்டைச் சுற்று பிரேக் எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லி, ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி கேளுங்கள். சந்தை மதிப்பில் எடுத்தால் இழப்பு நாளில் நீங்கள் போட்ட உழைப்பை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

நம்பர் பட்டை: படத்தில் வருவது கறுப்பில் மஞ்சள் எழுத்துள்ள கலிபோர்னியாப் பட்டை, ஓஎஃப்பி 857. அதைச் செய்து வீட்டில் மாட்டுங்கள், கண்காட்சியில் வண்டி நிற்கும்போது வையுங்கள். ரோட்டில் அப்பாவின் எண்தான், ஜேபிஜே சொல்லும் எழுத்தளவில், முன்னும் பின்னும். ரோட்டில் போகும்போது அதன் மேல் எதையும் மூட வேண்டாம்.

தானாகத் திறக்கும் முன்மூடி வேண்டாம், தம்பி. பீட்டலின் மூடி கண்ணாடிப் பக்கம் கீல் உள்ளது. ஓட்டத்தில் பூட்டு விட்டால் காற்று அதைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும், உங்களுக்கு ரோடு தெரியாது. மின் பூட்டு வைத்த பிறகு ஒரு வயர் உரசினால் போதும், அது நடக்கும். கம்பிப் பூட்டையும் அதன் கீழே உள்ள இரண்டாவது கொக்கியையும் அப்படியே வைத்து, இரண்டுக்கும் கிரீஸ் போடுங்கள்.

வண்டி வீட்டை விட்டு வெளியே வருவது ரோட் டேக்ஸும் காப்புறுதியும் கையில் வந்த பிறகுதான். அதுவரை கொட்டகையிலிருந்து ஆய்வு நிலையத்துக்குப் போவதென்றாலும் ஏற்றிச் செல்லும் லோரியில். பிறகு சில வாரம் தாமான் (குடியிருப்பு) தெருக்களிலும், கோலகங்சார் போகும் பழைய சாலையிலும் ஓட்டுங்கள். அங்கே நிறுத்த இடம் உண்டு, வேகமும் தேவையில்லை. முதல் 50 கிலோமீட்டரில் சக்கர போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், 500இல் எண்ணெயை மாற்றி வால்வு இடைவெளியையும் பிரேக்கையும் மறுபடி பாருங்கள். காற்றாடி பெல்ட்டை விரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் தணிய வேண்டும்.

அதற்குப் பிறகே நெடுஞ்சாலை. கோலகங்சாரில் ஏறி ஈப்போ நோக்கி வரும்போது மெனோரா சுரங்கத்துக்கு முன் ஏற்றமும், அதைத் தாண்டி ஜெலாப்பாங்குக்குச் செங்குத்தான இறக்கமும் இருக்கின்றன. ஏற்றத்தில் நான்காம் கியரில் திணறவிடாதீர்கள். மூன்றுக்கு இறக்கினால் காற்றாடியும் வேகமாகச் சுற்றும், எஞ்சின் குளிரும். இடப்பக்கத் தடத்தில் லோரிகளோடு போவதில் குறையில்லை. இறக்கத்திலும் மூன்றாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். டிரம் சூடேறினால் பிடி போய்விடும், அது ஆற நேரமெடுக்கும். சிவப்பு ஆயில் விளக்கோ ஜெனரேட்டர் விளக்கோ எரிந்தால் அடுத்த ஓய்விடம் வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஜெனரேட்டர் விளக்கு என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் இல்லையேல் காற்றாடி இல்லை, காற்றாடி இல்லாமல் இந்த எஞ்சின் சில நிமிடம்தான் தாங்கும். ஒரு புதிய பெல்ட்டும், புல்லி நட்டுக்கான 21 மில்லிமீட்டர் ஸ்பேனரும், புல்லியைப் பிடிக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் முன்மூடிக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.